தியாகபூமி: திரைக்கென எழுந்த தொடர்கதையும் மூலம் பற்றிய சிக்கலும்

நாவலொன்று திரைப்படமாகும்போது நூலை மூலமாகவும் படத்தைத் தழுவலாகவும் கொள்வது ஆய்வுலக வழக்கம். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் இவ்வழக்கம் பொருந்தும் சான்றுகள் பல உள. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவலாகப் பெயர்பெற்று, டி.கே.எஸ். சகோதரர்களால் நாடகமாக நடிக்கப்பெற்று, 1935இல் திரைக்கு வந்தது. எஸ்.எஸ். வாசனின் ‘சதி லீலாவதி’ தொடர்கதையாக வெளிவந்த பின்னரே 1936இல் படமாயிற்று. 1938இல் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘சேவாசதனம்’ பிரேம்சந்தின் நாவலை அடியொற்றியது. இவற்றிலெல்லாம் எழுத்து முந்தியது, படம் பிந்தியது. கல்கியின் ‘தியாகபூமி’ இவ்வரிசையில் அடங்காது.

கே. சுப்ரமணியம் படமாக்குவதற்கென உருவான கதை இது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆனந்த விகடனில் தொடராகவும் வெளிவந்தது. மாலி போன்றோரின் கோட்டோவியங்களுக்குப் பழகியிருந்த விகடன் வாசகர், இத்தொடரில் படத்திலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்களைக் கண்டனர். சம்பு சாஸ்திரிக்குப் பாபநாசம் சிவனின் முகமும், சாவித்திரிக்கு எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகமும், சாருவுக்குப் பேபி சரோஜாவின் முகமும் படம் திரைக்கு வருமுன்பே அமைந்துவிட்டன. வாசகர் தம் மனத்தில் உருவாக்கிக்கொண்ட பாத்திரத்தைத் திரை பொய்யாக்கிவிட்டது என்னும் வழக்கமான குறை இங்கு எழுவதற்கே இடமில்லை. விகடன் உரிமையாளரான வாசன் அப்போது திரைப்பட விநியோகத்திலும் ஈடுபட்டிருந்தார் என்பதையும் கருதினால், தொடர் படத்திற்கு விளம்பரமாகவும் படம் தொடருக்கு விளம்பரமாகவும் பயன்பட்ட வணிக ஏற்பாடு புலனாகும். ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் இசையையும் திரைப்படங்களையும் கடுமையாக விமரிசித்துவந்த கல்கியே இவ்வேற்பாட்டின் நடுவே நின்றார் என்பது சுவையான முரண்.

இப்பின்னணி நாவலின் அமைப்பை விளக்கவும் உதவுகிறது. கோடை, மழை, பனி, இளவேனில் என நான்கு பருவங்களாகப் பகுக்கப்பட்ட நாவல், சிறுசிறு அத்தியாயங்களாக நகர்கிறது. நெடுங்கரை அக்கிரகாரமும் சென்னைச் சாவடிக் குப்பமும் உமாராணியின் மாளிகையும் காண்பதற்குரிய காட்சிக்களங்களாகவே அமைந்துள்ளன. பெருமழையில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சம்பு சாஸ்திரி இடமளித்து, அதனால் ஊரின் பகைக்கு ஆளாகும் பகுதி விவாதத்தால் அன்றி நிகழ்வாலேயே பொருளுணர்த்துகிறது. சாஸ்திரியின் பஜனை ஈடுபாடு, பாடலாசிரியரும் பாடகருமான பாபநாசம் சிவனுக்கு இயல்பாகப் பொருந்தியது. பேபி சரோஜாவோ ‘பாலயோகினி’ (1937) வழியாக முன்பே புகழ்பெற்றிருந்தவர். கதையின் பிற்பகுதியில் சாருவின் துடுக்குக்கு இத்துணை இடம் கிடைத்ததை அவரது புகழோடு இணைத்து நோக்குவது தகும். தற்செயல் சந்திப்புகள் மிகுதி என்றும், உணர்ச்சி கரைபுரள்கிறது என்றும் இந்நாவலின்மீது குறை கூறுவோர் உளர். அக்குறை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் திரைக்கதைக்குரிய அளவுகோலை விடுத்து நாவலுக்குரிய அளவுகோலால் மட்டும் இப்பனுவலை அளப்பது நேரிய மதிப்பீடாகாது.

நீதிமன்றப் பகுதி தனித்து நோக்கத்தக்கது. கணவன் ஸ்ரீதரனால் கைவிடப்பட்ட சாவித்திரி, செல்வம் பெற்று உமாராணியாகத் திரும்புகிறாள். அவள் தன்னுடன் வந்து வாழவேண்டுமென அவன் வழக்குத் தொடுக்கிறான். அவளோ அவனுடன் வாழ மறுப்பதோடு, வேண்டுமாயின் தானே அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள். சென்னை மாகாணத்தில் இந்துப் பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை 1949இல்தான் சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்கும் 1955இல் வந்தது. சட்டம் வழங்காத ஒன்றைப் பாத்திரம் பொதுமன்றத்தில் நின்று உரக்கக் கேட்டது. இவ்வெதிர்ப்பைச் சாவித்திரியின் மனவோட்டமாகவோ கடிதமாகவோ எழுதியிருக்கவும் கூடும். அரங்கு நிறைந்தோர் கேட்கும் பேச்சாக அது அமைந்தமைக்குத் திரையே காரணம் எனலாம். பின்னர் ‘பராசக்தி’ (1952) வரை நீளும் நீதிமன்ற உரைமரபின் முன்னோடிகளுள் இதற்கு உரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை.

படம் 1939 மே 20 அன்று வெளியாயிற்று. அப்போது சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. அவ்வமைச்சரவை அக்டோபரில் பதவி விலகியது. மறு ஆண்டில் ஆங்கிலேய அரசு படத்தைத் தடைசெய்தது. கதைமாந்தர் விடுதலைப் போராட்டத்தில் இணைவதைத் திரையில் கண்ட அரசு வாளாவிருக்கவில்லை. நாவலோ தொடர்ந்து படிக்கப்பட்டு, நூலாகப் பல பதிப்புகளையும் கண்டது. ஒருங்கே பிறந்த இரண்டனுள் ஒன்று மறைக்கப்பட்டு மற்றொன்று நிலைபெற்றமையால், நிலைபெற்றதே ‘மூலம்’ என்னும் தகுதியை அடைந்தது. எனவே ‘கல்கியின் நாவலைச் சுப்ரமணியம் படமாக்கினார்’ என்று எழுதும் இலக்கிய வரலாறுகள் காலநிரலைப் பிழைபடக் காட்டுகின்றன. அவை இயக்குநரின் பங்கையும் நடிகர்களின் பங்கையும் கதையாக்கத்திலிருந்தே நீக்கிவிடுகின்றன.

1999இல் கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானபின் பெருகிய மலிவுப் பதிப்புகளில் பெரும்பாலும் எழுத்து மட்டுமே உள்ளது. இணையத்தில் கிடைக்கும் பனுவல்களும் அவ்வாறே. எந்த வாரம் எந்த நிழற்படம் எந்த வரிக்கு எதிரே நின்றது என்பதை அவற்றைக் கொண்டு அறிய இயலாது. அதற்கு 1938–39ஆம் ஆண்டுகளின் விகடன் இதழ்களையே நாடவேண்டும். அவற்றைப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் படப்பிரதியோடு காட்சிதோறும் ஒப்பிட்டாலன்றி, எழுத்து படத்திற்கு வழங்கியது எது, படம் எழுத்திற்கு வழங்கியது எது எனப் பிரித்துரைக்க முடியாது.