திருமலையில் முக அடையாளத் தொழில்நுட்பம்

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2023 மார்ச் 1 முதல் முக அடையாளத் தொழில்நுட்பத்தைச் சோதனை முறையில் பயன்படுத்தத் தொடங்கியது. டோக்கன் இல்லாத சர்வ தரிசனம், லட்டு வழங்கல், அறை ஒதுக்கீடு, முன்பணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவற்றில் அது புகுந்தது. ஒரே ஆள் பலமுறை லட்டு டோக்கன் வாங்குவதையும் அறைகள் தரகர்கள் கைக்குப் போவதையும் தடுப்பதே நோக்கம்.

அறை எடுத்தவரும் காலி செய்பவரும் ஒருவரேதானா என்று பார்ப்பது இக்கருவிக்கு எளிய வேலை. ஆள் கேமரா முன் அசையாமல் நிற்கிறார். கருவி தடுமாறினால் ஊழியர் எதிரிலேயே இருக்கிறார். ஆனாலும் திருமலைக்கே உரிய சோதனை ஒன்றுண்டு. தாடி மீசையோடு அறை எடுத்தவர், கல்யாணகட்டாவில் முடி காணிக்கை செலுத்தி, மொட்டைத் தலையில் சந்தனமும் நெற்றி நிறைய நாமமுமாகத் திரும்பி வருவார். கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் அமைப்பையே மென்பொருள் முக்கியமாகக் கணக்கிடுவதால் மொட்டை அடித்தவர் வேற்றாளாகிவிடுவதில்லை. ஒப்புமை அளவு மட்டும் இறங்கக்கூடும்.

கூட்டத்துக்குள் ஒருவரைத் தேடுவது முற்றிலும் வேறு வேலை. அந்த வேலைக்கும் உதவும் செயற்கை நுண்ணறிவுக் கட்டுப்பாட்டு மையத்தை, பக்தர்கள் வரிசையில் காத்திருக்கும் வைகுண்டம் காம்ப்ளக்ஸ்-1இல் 2025 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு திறந்துவைத்தார். திருமலைக்கு ஒரே நாளில் 60,000 பேருக்கு மேல் வருவது சாதாரணம். ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே கருவி தவறாகக் காட்டுவதாக வைத்துக்கொண்டாலும், எந்தத் தப்பும் செய்யாத 60 பேர் தினமும் சந்தேகத்துக்கு ஆளாவார்கள். பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் முகங்களில் பல மென்பொருள்கள் கூடுதலாகத் தவறுவதை அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2019இல் காட்டியது. காணாமல்போன குழந்தைகளைத் தேட தில்லி காவல்துறை பயன்படுத்திய மென்பொருளின் துல்லியம் வெறும் 2 சதவீதம் என்று 2018இல் உயர் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது.

2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் உயிரிழந்தனர். அத்தகைய சாவைத் தடுக்க, எந்த வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது உடனுக்குடன் தெரிந்தால் போதும். அவர்கள் யார் யார் என்பது தேவையே இல்லை. தலை எண்ணும் கேமராவையும் ஆளை அடையாளம் காணும் கேமராவையும் பாதுகாப்பு என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பேசுவது சரியல்ல.

ஆளை அடையாளம் காண்பது அந்தரங்கத்தைத் தொடும் செயல். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. காவல்துறை முகங்களைத் தேடுவதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.