நான்கு ஐந்தான கதை

தமிழகத்திற்கு வெளியே குடியேறி வாழும் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய பெட்டி உண்டு. முன்னாளில் அதில் கடிதங்களும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும் இருந்தன. பின்னாளில் ஒலிநாடாக்கள் சேர்ந்தன. அவற்றிற்கும் பின்னர், தீப்பெட்டியிலும் சற்றே பெரிய வீடியோ கேசட்டுகள் வந்து சேர்ந்தன. ஊரையும் உற்றாரையும் விட்டுத் தொலைவில் வாழும் நம்மவர்க்கு அப்பெட்டியே பாதி ஊர் எனலாம். அத்தகைய கேசட் ஒன்றின் வாயிலாக நான் கற்றுக்கொண்ட ஒரு வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2008ஆம் ஆண்டில் என் தந்தையார் அமெரிக்காவில் வாழும் என் தமக்கையாரைக் காணச் சென்றிருந்தார். அத்தான் சினிமாவில் ஈடுபாடு மிக்கவர். வீட்டு உபயோகத்திற்கான சிறு வீடியோ காமிரா ஒன்றை வாங்கி, அதில் சினிமாவைப் போலவே வினாடிக்கு 24 படங்கள் பதியும் வசதியைப் பயன்படுத்தி, தந்தையார் பேத்திக்குச் சிலேட்டில் அகரம் எழுதக் கற்பிக்கும் காட்சியைப் படம் பிடித்தார். தந்தையார் மறைந்த பின் அக்கேசட் தில்லியில் என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு கடையில் கொடுத்து அதைக் குறுந்தகடாக மாற்றிப் பெற்றேன். போட்டுப் பார்த்தால், தந்தையார் கையை அசைக்கும்போதெல்லாம் ஒரு கைக்கு இரு கைகளாய் நிழல் படிந்து தெரிந்தது. "பழைய கேசட் அப்படித்தான் இருக்கும்; இனி அதை வைத்துக்கொண்டு என்ன பயன்?" என்றார் கடைக்காரர். நல்ல வேளையாக என் தாயார் அதை எறிய விடவில்லை. குற்றம் கேசட்டில் இல்லை என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அதன் காரணத்தைத் தேடிப் போனால், 80 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியே சகோதரர்கள் கட்டணம் பெற்றுச் சலனப்படம் காட்டியபோது, அவர்களது கருவி கையால் சுழற்றப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. இத்தகைய ஒவ்வொரு தனிப் படத்தையும் பிரேம் என்பர். பேசாப் படக் காலம் முழுவதிலும் இவ்வேகத்திற்கு உறுதியான விதி ஒன்றும் இருந்ததில்லை. காமிராவைச் சுழற்றுபவரின் கைக்கு ஒரு வேகம். திரையரங்கில் படம் ஓட்டுபவரின் விருப்பத்திற்கு வேறொரு வேகம். கூட்டம் மிகுந்த நாளில் காட்சியை விரைவில் முடிக்க வேண்டுமாயின் படம் சற்று வேகமாக ஓடிவிடும். மனிதர் கொஞ்சம் துள்ளி நடந்தாலும் பார்ப்பவர் கண் அதைப் பொறுத்துக்கொண்டது.

ஆனால் கண் பொறுத்ததைக் காது பொறுக்கவில்லை. வேகம் மாறினால் குரலின் சுருதியும் மாறுமன்றோ? 1926ஆம் ஆண்டில் வார்னர் நிறுவனம் வைட்டஃபோன் என்னும் முறையில் இசைத்தட்டு ஒன்றைப் படத்தோடு இணைத்து ஓட்டத் தொடங்கியபோது, படம் ஒரே சீரான வேகத்தில் ஓடியே தீர வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. பெரிய அரங்குகளில் அந்நாளில் வழங்கிய வேகத்தை ஒட்டி, நிமிடத்திற்கு 90 அடி என்று பொறியாளர்கள் வரையறுத்தனர். 35 மில்லிமீட்டர் பிலிமில் அடிக்கு 16 பிரேம்கள். ஆகவே நிமிடத்திற்கு 1,440, வினாடிக்கு 24. மறைபொருள் எதுவும் இவ்வெண்ணில் இல்லை. வேகம் கூடினால் பிலிம் செலவு கூடும். குறைந்தால் ஒலி கெடும். இரண்டுக்கும் இடையே கண்ட சமரசமே 24 ஆகும். 1927இல் வெளிவந்த 'தி ஜாஸ் சிங்கர்' பெற்ற வெற்றிக்குப் பின்னர் அவ்வேகம் உலகெங்கும் நிலைத்தது. 1931ஆம் ஆண்டு அக்டோபரில் 'காளிதாஸ்' வாயிலாகத் தமிழ்த் திரை பேசத் தொடங்கியதும் அதன் பின்னரே.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. 1941இல் அமெரிக்கா வகுத்துக்கொண்ட முறையில் ஒரு படம் 525 வரிகளால் ஆனது. வினாடிக்கு 30 படங்கள். ஆயினும் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் வரைந்தால் திரை சிமிட்டும் என்பதால், முதலில் ஒற்றைப்படை வரிகளையும் பிறகு இரட்டைப்படை வரிகளையும் வரைந்தார்கள். ஆக, வினாடிக்கு 60 அரைப்படங்கள். அந்நாட்டு மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி கொண்டது என்பதே இவ்வெண்ணுக்குக் காரணம். இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. சினிமா 24, தொலைக்காட்சி 60. ஒன்றை மற்றொன்றில் ஏற்றுவது எங்ஙனம்?

அதற்குக் கண்ட வழி மிக எளியது. பிலிமின் முதற் பிரேமை இரண்டு அரைப்படங்களுக்கும், அடுத்த பிரேமை மூன்று அரைப்படங்களுக்கும், மீண்டும் இரண்டு, மீண்டும் மூன்று என்றும் பங்கிட்டார்கள். நான்கு பிரேம்களுக்கு க, ச, த, ப என்று பெயரிட்டுப் பார்ப்போம். இரண்டும் மூன்றுமாக அவற்றைப் பங்கிட்டு, இரண்டிரண்டாக அடுக்கினால், கக, சச, சத, தப, பப என ஐந்து தொலைக்காட்சிப் படங்கள் கிடைக்கின்றன. நான்கு ஐந்தாகிவிட்டது. இவற்றுள் மூன்று தூய படங்கள். மூன்றாவதும் நான்காவதும் கலப்புப் படங்கள். 'த' என்னும் பிரேம் மட்டும் தனக்கென ஓர் இடமின்றி, இரு வீடுகளில் பாதி பாதியாகக் குடியிருக்கிறது. இம்முறைக்குப் புல்டவுன் என்று பெயர்.

1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தபோது இன்னுமொரு திருத்தம் நேர்ந்தது. வண்ணத்தைச் சுமந்து வரும் அலையும் ஒலியைச் சுமந்து வரும் அலையும் ஒன்றோடொன்று இடைப்பட்டுத் திரையில் கறை படியாதிருக்க வேண்டி, வேகத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். 60 என்பது 59.94 ஆயிற்று, அதனுள் ஏற்றப்பட்ட 24 என்பது 23.976 ஆயிற்று. அற்பமான வேற்றுமைதானே என்று தோன்றும். ஆனால் இதை மறந்து படத்தை மட்டும் நேர் 24 என்று ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் குரலுக்கும் உதட்டசைவுக்கும் மூன்றரை வினாடிக்கும் மேல் இடைவெளி விழுந்துவிடும்.

நம் நாடு இத்தொல்லையிலிருந்து தப்பியது. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியபோது நாம் ஏற்றது 625 வரியும் வினாடிக்கு 25 படமும் கொண்ட முறை. நமது மின்சாரம் 50 சுழற்சி அல்லவா? இத்தகைய நாடுகளில் 24 பிரேம் சினிமாவை 25 என்று சற்று விரைவாக ஓட்டிவிடுவதே வழக்கம். நான்கு விழுக்காடு வேகம் கூடும். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடியும். பாடல்களின் சுருதி சிறிது உயரும். ஆனால் ஒவ்வொரு பிரேமும் முழுமையாக இருக்கும். கலப்பு என்பதே இராது.

இனி வீட்டுக் காமிராவுக்கு வருவோம். 1980களில் பொதுமக்கள் கைக்கு வந்த வீடியோ காமிராக்கள், தொலைக்காட்சியின் பிள்ளைகளாதலால், அரைப்படங்களையே பதிந்தன. அசைவு அவற்றில் வழுவழுப்பாகத் தெரியும். நேரடிச் செய்தி பார்ப்பது போலிருக்கும். சினிமாவுக்குரிய அந்தக் கனவுத் தன்மையைப் பலரும் விரும்பினார்கள். 2002இல் பானாசோனிக் நிறுவனம் வெளியிட்ட டி.வி.எக்ஸ். 100 என்னும் காமிரா, வினாடிக்கு 24 பிரேம் பிடிக்கும் வசதியைச் சிறிய நாடாக் காமிராவிற்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு என்று பங்கிடும் வழியையும் அது தந்தது. அப்படிச் செய்தால் கக, சச, சத, தத, பப என்றாகும். நடுவில் உள்ள ஒரேயொரு கலப்புப் படத்தை நீக்கிவிட்டால் நான்கு பிரேம்களும் பழுதின்றிக் கிடைக்கும். ஆயினும் அது தொழில் புரிவோர்க்கான விலையுயர்ந்த கருவி. 2007இல் கேனன் நிறுவனத்தின் எச்.வி. 20 என்னும் காமிரா, 24 பிரேமை வீட்டு உபயோகக் காமிராவிலும் தந்தது. என் அத்தான் வாங்கியதும் அதுவே. 25 பட நாடுகளுக்கென அமைந்த அதன் உடன்பிறப்பு 25 பிரேம் பதிந்தது. அமெரிக்கக் காமிராவோ 24ஐப் பிடித்து, பழைய இரண்டு மூன்று கணக்கின்படியே நாடாவில் ஏற்றியது. எது தூய படம், எது கலப்பு என்னும் அடையாளத்தை அது உடன் பதியவில்லை.

ஆகவே படத்தொகுப்பில் அமர்பவர், வெட்டவும் ஒட்டவும் தொடங்குமுன், ஐந்தை மீண்டும் நான்காக்க வேண்டும். முதலில் நாடாவில் உள்ளதை உள்ளபடியே கணினியில் ஏற்ற வேண்டும். பின்னர் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். கலப்புப் படங்களில், அசையும் பொருளின் ஓரம் சீப்பின் பல்லைப் போல் பிளந்து தெரியும். மூன்று படம் தெளிவு, இரண்டு படம் சீப்பு என்னும் ஒழுங்கு புலப்படும். அசைவற்ற காட்சியில் அது தெரியாது. அவ்வொழுங்கு ஐந்து இடங்களில் எதிலிருந்தும் தொடங்கலாம். காட்சிக்குக் காட்சி மாறவும் கூடும். தொடக்கத்தைச் சரியாகச் சுட்டிவிட்டால், மென்பொருள் மூன்றாம் படத்திலிருந்து ஒரு பாதியையும் நான்காம் படத்திலிருந்து மறு பாதியையும் எடுத்து, சிதறிக் கிடந்த 'த'வை ஒன்றுசேர்த்துவிடும். காலம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆதலால் ஒலியைத் தொட வேண்டியதில்லை. இதற்குப் பிறகே, 23.976 என்னும் அளவில் தொகுப்பைத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே வெட்டிவிட்டால், ஒவ்வொரு வெட்டிலும் ஒழுங்கு அறுந்து, பின்னர் கணக்கைச் சேர்ப்பது பெரும்பாடாகிவிடும்.

கடைக்காரர் செய்தது என்ன? சீப்புப் பல் தெரிகிறதே என்று, ஒவ்வொரு படத்தின் இரு பாதிகளையும் குழைத்து ஒன்றாக்கிவிட்டார். 'ச'வும் 'த'வும் குழைந்தன; 'த'வும் 'ப'வும் குழைந்தன. அதனால்தான் தந்தையாரின் கை இரண்டாயிற்று. அடுக்கி வைத்ததைப் பிரிக்கலாம். குழைத்ததைப் பிரிக்க இயலாது. அக்குறுந்தகட்டிலிருந்து அந்தப் பிரேம்களை இனி எவராலும் மீட்க முடியாது.

கேசட் மட்டும் பெட்டியில் இருந்தது. பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து, அத்தானின் காமிராவையே தருவித்து, பல மாலைப்பொழுதுகள் அமர்ந்து நாடாவை ஏற்றினேன். ஒழுங்கின் தொடக்கம் எங்கே என்று காட்டியது தந்தையாரின் கையேதான். அவர் அகரத்தின் வளைவைச் சுழிக்கும் இடத்தில் சீப்புப் பல் தெளிவாகத் தெரிந்தது. கணக்கைச் சரிசெய்து ஓட்டியபோது ஒரே கை, ஒரே பலப்பம், பேத்தியின் விரலைப் பிடித்து நிதானமாக எழுதியது. தாயார் இரண்டாம் முறையும் ஓட்டச் சொன்னார்கள்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியின் அளவுக்கு ஏற்றும்போது நான்கு சொல் ஐந்தாவது இயல்பே. எந்த ஒழுங்கில் மாற்றினோம் என்று தெரியும் வரையில் மூலத்திற்குத் திரும்பும் வழி திறந்தே இருக்கிறது. ஒழுங்கை அறியாமல் மெழுகிவிட்டாலோ, மேலுக்கு அழகாயிருக்கும், மூலம் மறைந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய கேசட்டுகள் இருக்கலாம். அவற்றை ஓட்டும் கருவிகள் அருகி வருகின்றன. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அவற்றை இணைக்கும் வாயிலும் இல்லை. ஆகையால் காலம் தாழ்த்தாது அவற்றை உள்ளது உள்ளபடியே பிரதி எடுத்து வையுங்கள். திருத்தமெல்லாம் பிறகு ஆகட்டும். பிரதி எடுத்த பின்னரும் மூல நாடாவை எறிந்துவிடாதீர்கள்.