பத்துமலையும் வௌவால்களும்

பத்துமலை என்றதும் தமிழர் உள்ளத்தில் தோன்றுவன முருகன் திருக்கோயிலும் தைப்பூசக் காவடிகளுமே. 1891ஆம் ஆண்டில் கே. தம்புசாமி பிள்ளை அவர்கள் அக்குகையில் வழிபாட்டைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு முதல் தைப்பூசமும் நடைபெறலாயிற்று. ஆயின், அடியார் கூட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்குக் குடியிருந்த உயிர்கள் உண்டு. அவை வௌவால்கள்.

வரலாற்றில் அக்குகைகளின் பயன் வௌவாலோடே தொடங்குகிறது எனலாம். தெமுவான் பழங்குடியினர் அவற்றில் ஒதுங்கித் தங்கினர். 1860களில் சீனக் குடியேறிகள் தம் காய்கறித் தோட்டங்களுக்கு எருவாக வௌவால் எச்சத்தை அங்கிருந்து வாரிச் சென்றனர். அதன் பின்னரே, 1878ஆம் ஆண்டில், அமெரிக்க இயற்கையறிஞர் வில்லியம் ஹார்னடே முதலியோர் வாயிலாகக் குகைகளின் புகழ் வெளியுலகில் பரவிற்று.

கதிரொளி புகாத இருட்குகையில் செடி கொடி வளர்வதில்லை. வௌவால் எச்சமே அங்கு உணவுக்கு முதல். அதனை உண்டு பூச்சிகள் வாழ்கின்றன; பூச்சிகளை உண்டு சிலந்திகள் வாழ்கின்றன. தன் வளைக்குக் கதவமைத்துக் கொள்ளும் தொன்மையான சிலந்தியினம் ஒன்றும் அங்கு உண்டு.

வௌவாலின் தொண்டு குகையோடு நின்றுவிடவில்லை. டுரியான் மலர் பிற்பகலில் விரிந்து, விடியுமுன் இதழ் உதிர்த்துவிடும். காலையில் உதிர்ந்து கிடக்கும் இதழ்களைக் கண்ட தோட்டக்காரர் பலர், வௌவாலே பூவை அழித்தது எனப் பழி சுமத்தினர். வலை விரித்தும் சுட்டும் அதனைக் கொன்றதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. பல மரங்களில் ஒரு மரத்தின் மகரந்தம் அம்மரத்துப் பூவுக்கே பெரிதும் பயன்படாது; வேறு மரத்தினின்று வரவேண்டும். இரவில் தேனுண்ண வரும் குகை வௌவாலே அதனைச் சுமந்து வருகிறது. 1970களில் மலேசியாவில் நடந்த ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவுபடுத்தின. பெத்தாய் மரத்துக்கும் வௌவாலே துணை.

டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்களே. எஞ்சிய நாளில் வௌவால் எதனை உண்ணும்? கடற்கரைச் சதுப்புக் காட்டில் ஆண்டு முழுதும் பூக்கும் மரங்கள் உள. பத்துமலை வௌவால்கள் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து சென்று அவற்றின் தேனை உண்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டனர். எனவே, கடற்கரையில் சதுப்புக்காடு அழியின், உள்நாட்டில் டுரியான் காய்ப்பும் குன்றும்.

பத்துமலைச் சரிவில் நெடுங்காலம் நடந்த கல்லுடைப்பு 1980ஆம் ஆண்டையொட்டி நின்றது. எனினும், சுண்ணாம்புக் குன்றுகள் பிற இடங்களில் இன்றும் உடைபடுகின்றன. வௌவால் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆதலால் கலைந்த கூட்டம் எளிதில் பெருகுவதில்லை. குகை, சதுப்புக்காடு, தோட்டம் ஆகிய மூன்றையும் இரவுதோறும் இணைத்துவைக்கும் இச்சிற்றுயிரைக் காத்தல், டுரியானைச் சுவைப்போர் அனைவரும் அதற்குப் பட்டிருக்கும் கடனாகும்.