குப்புறப் படுத்தால் வழி தெரியும்

"வயித்தக் கிழிக்கோணுங்களா?" கொங்கு நாட்டில் ஆபரேஷன் என்றதும் பலரும் கேட்கிற முதல் கேள்வி. தறியையும் தோட்டத்தையும் நம்பி வாழ்பவருக்குக் கிழிபட்ட வயிறு என்றால் பல வாரக் கூலி போச்சு என்று அர்த்தம்.

1990இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டெம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். இந்தியாவில் அதுதான் முதல்முறை. கொஞ்ச காலத்திலேயே அந்த வித்தை கோயம்புத்தூருக்கும் வந்துவிட்டது. இங்கே அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் சி. பழனிவேலு. ஏழை விவசாயக் குடும்பம். மலேசியாவில் கூலி வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி டாக்டருக்குப் படித்தவர்.

துளை சின்னது, சரி. ஆனா கையால் தொட்டு 'இது இன்னது' என்று உறுதிசெய்ய முடியாது. திரையில் தெரிவது பெரிதாக்கப்பட்ட ஒரு துண்டுதான். பித்தப்பையின் சின்னக் குழாய் என்று நினைத்துப் பெரிய பித்தநாளத்தை வெட்டிவிட்டால் நோயாளியின் வாழ்க்கையே மாறிப்போகும். படம் பளிச்சென்று தெரியும்போதே வழி தப்பலாம்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இது இன்னும் கஷ்டம். அந்தக் குழாய் முதுகெலும்பை ஒட்டி, இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் நுரையீரல் வந்து மறைக்கும். குப்புறப் படுக்க வைத்தால்? நுரையீரலும் இதயமும் தம் எடையாலேயே முன்பக்கம் சரியும்; ரத்தமும் அந்த இடத்தில் தேங்காது. 1994இல் பிரிட்டனில் ஆல்பிரட் குஷியரி இதைச் செய்துகாட்டினார். ஆனாலும் பெரிதாகப் பரவவில்லை. 2006இல் கோவையிலிருந்து பழனிவேலு குழு 130 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2012இல் லான்செட்டில் வந்த ஐரோப்பிய ஆய்வும் குப்புறப் படுக்கவைத்த முறையையே எடுத்துக்கொண்டது. முதல் இரு வாரங்களில் நுரையீரல் தொற்று, மார்பைத் திறந்தவர்களில் 29 சதவீதம். துளைவழிச் சிகிச்சையில் 9.

இன்று வழிகாட்டக் கருவிகள் வந்துவிட்டன. மூக்கு, சைனஸ் அறுவையில் சி.டி. படத்தின் மேலேயே கருவியின் நுனி எங்கே என்று தெரியும். எலும்பு நகராது, அதனால் நேற்றெடுத்த படம் இன்றைக்கும் பொருந்தும். வயிறு அப்படியில்லைங்க. மூச்சுக்கு ஒருமுறை ஈரல் இடம் மாறுகிறது. அதனால் அங்கே ஐ.சி.ஜி. என்ற சாயத்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்ற, அகச்சிவப்பு ஒளியில் பித்தநாளம் தானே ஒளிர்கிறது.

உடலைத் திருப்பிப் போட்டதும் இதே வகை யோசனைதான். மறைந்திருப்பது தானே கண்ணில் படும்படி செய்வது. அதற்குப் புது மெஷின் தேவைப்படவில்லை, பூமியின் இழுப்பே போதுமாக இருந்தது.