அறுபது விநாடி மட்டும் பேசவும்!

ஒலிப்பதிவு கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து, யாரோ ஒருத்தர் பக்கத்துல நின்னு "போதும், நிறுத்து"ன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. பழைய 78 சுற்று இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். 1948-ல் கொலம்பியா நிறுவனம் எல்பி கொண்டுவந்தபோது அது இருபது நிமிடத்தைத் தாண்டியது. சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். இதெல்லாம் கண்ணால் பார்க்கிற அளவு. தட்டு முடியுது, நாடா முடியுது, நாமளும் நிறுத்துறோம்.

கணிப்பொறி வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனா விண்டோஸ் 95-லிருந்து எக்ஸ்பி வரைக்கும் கூடவே வந்த சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினா, சரியா 60 விநாடியில் நின்னுடும். வன்தட்டில் ஜிபி கணக்கில் இடம் காலியாக் கிடக்கும், அது பாட்டுக்கு நிக்கும்!

காரணம் ரொம்ப எளிது. அந்த மென்பொருள் ஒலியை வன்தட்டில் எழுதாமல், சேமிக்கும் வரை நினைவகத்திலேயே வைத்திருந்தது. சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட், இரண்டு சேனல். ஆக 1,76,400 பைட். ஒரு நிமிடத்துக்குப் பத்தரை எம்பி. 1995-ல் வந்த விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச நினைவகமே 4 எம்பிதான். அன்றைக்கு அது நியாயமான வேலி. 2001-ல் எக்ஸ்பி வந்தபோது நினைவகம் பெருகிவிட்டது, வேலி மட்டும் அப்படியே நின்றது.

நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? நின்றதும் திரும்பப் பொத்தானை அமுக்கினால் இன்னொரு 60 விநாடி கிடைக்கும். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. ஒரு நிமிட மௌனத்தைப் பதிந்து, எஃபெக்ட்ஸ் மெனுவில் வேகத்தைக் குறைத்தால் இரண்டு நிமிடம். இன்னொரு தடவை குறைத்தால் நாலு. அந்த நீண்ட மௌனத்தின் மேல் நம் குரலைப் பதிந்துகொள்ளலாம். 2007-ல் பொதுமக்கள் கைக்கு வந்த விஸ்டாவில்தான் இந்த வேலி போனது.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள்கள் (இது 2000-ல் வெளிவந்தது) வன்தட்டிலேயே எழுதியதால் நிமிடக் கணக்கு மறைந்து மணிக்கணக்கு வந்தது. அப்போதான் அடுத்த சுவர் தெரிந்தது. வேவ் கோப்பு வடிவத்தை ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் 1991-ல் வெளியிட்டன. கோப்பின் தலைப்பகுதியில் "உள்ளே இவ்வளவு பைட் இருக்கு" என்று எழுத 32 பிட் இடம்தான் ஒதுக்கினார்கள். அதில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4,29,49,67,295. அதாவது 4 ஜிபி. சிடி தரத்தில் 6 மணி 45 நிமிடம். சில மென்பொருள்கள் ஒரு பிட்டைக் கழித்தல் குறிக்கு விட்டுவிட்டதால் அவற்றில் 2 ஜிபி, 3 மணி 22 நிமிடம். ஃபேட்32 முறையில் அமைத்த வட்டாக இருந்தால், எந்தக் கோப்புமே 4 ஜிபியைத் தாண்டாது.

ஆறே முக்கால் மணி நேரம் யாருக்கு வேணும்னு கேக்காதீங்க. தெருக்கூத்தை நினைச்சுப் பாருங்க. ராத்திரி பத்து மணிக்குப் பதிவைத் தொடங்கினால் இந்தச் சுவர் விடிகாலை 4:45-க்கு வரும். கூத்து அப்பதான் சூடு பிடிச்சிருக்கும். அந்த வாத்தியார் மறுபடி அதே மாதிரி பாடுவார்னு என்ன நிச்சயம்?

இங்கதான் முக்கியமான விஷயம். என்டிஎஃப்எஸ் வட்டில் மென்பொருள் நிற்காமல் எழுதிக்கொண்டே போனால், பழைய மின்சார மீட்டர் மாதிரி அந்த எண் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எட்டு மணி நேரப் பதிவைத் திறந்தால் 1 மணி 14 நிமிடம் என்று காட்டும். "போச்சு"ன்னு நினைச்சு அழிச்சிடாதீங்க! கோப்பின் அளவைப் பாருங்க. 5 ஜிபி சுமார் இருந்தால் ஒலி முழுக்க உள்ளேதான் இருக்கு, தலைப்பு மட்டும்தான் பொய் சொல்லுது. முதலில் ஒரு நகல் எடுங்க. ஆடாசிட்டியில் இறக்குமதி மெனுவில் 'ரா டேட்டா' என்பதைத் தேர்ந்தெடுத்து 16 பிட், லிட்டில் எண்டியன், ஸ்டீரியோ, 44,100 என்று கொடுங்க. தலைப்பைக் கண்டுகொள்ளாமல் எல்லாத்தையும் ஒலியாகவே படிக்கும். ஆரம்பத்தில் ஒரு சின்ன 'டிக்' சத்தம் கேட்கலாம், அது அந்தப் பொய்த் தலைப்பு :-)

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2000களில் ஆர்எஃப்64 என்று 64 பிட் அளவுள்ள வடிவத்தைக் கொண்டுவந்தது. கையடக்க ரெக்கார்டர்கள் பலவும் 2 ஜிபி ஆனதும் தானாகவே அடுத்த கோப்புக்குத் தாவிவிடும். இருந்தாலும் நீளமா ஏதாவது பதியப் போறீங்கன்னா, முந்தின நாளே எட்டு மணி நேரம் வெறும் மௌனத்தைப் பதிஞ்சு பாருங்க. எந்தச் சுவர் எங்க இருக்குன்னு மௌனமே சொல்லிடும். கூத்து நடக்கும்போது தெரிஞ்சு என்ன பண்றது?