கோர்வையில் இரண்டாம் ஆள்: காஞ்சிபுரம் நெசவும் இளைஞர் வாழ்முறையும்

காஞ்சிபுரத்துத் தறிகளைப் பற்றிய எழுத்தில் ஒரு புலம்பல் ஓயாமல் வருகிறது: இன்றைய பிள்ளைகளுக்கு நெசவில் நாட்டமில்லை, செல்போனும் பைக்கும் கம்பெனி வேலையும் அவர்களைக் கொண்டுபோய்விட்டன. உடுத்தும் இளைஞரையும் நெய்யும் இளைஞரையும் இப்புலம்பல் ஒரே ஆளாக்கிவிடுகிறது. இருவரையும் பிரித்துப் பார்த்தால், காஞ்சியில் குறைந்துபோனது நாட்டம்தானா என்ற ஐயம் எழுகிறது.

தறியிலிருந்தே தொடங்கலாம். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துத் திரும்ப வேண்டும். நெசவாளர் ஒருவரால் இரு பக்கமும் சமாளிக்க முடியாது. அருகில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவை எறிய வேண்டும். அந்த இடத்தில் பல தலைமுறையாக உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் பிள்ளை இல்லாவிட்டால், முன்பணத்துக்கு ஈடாக வந்த அடுத்த வீட்டுப் பிள்ளை. 'வழிவழியாக வந்த கலை' என்று நாம் உருகிப் பேசுவதில் இதுவும் அடக்கம். 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதைவிட வலுவாகப் பள்ளிக்கூடமும் அந்த இடத்தைக் காலி செய்தன. அதற்காக வருந்த என்னால் முடியவில்லை.

பள்ளி முடித்தவர்கள் முன் வேறொரு வேலைச்சந்தை திறந்திருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010இல் திறக்கப்பட்டது. தறிக்காரருக்குச் சேலை முடிந்தால்தான் கூலி. அங்கே மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். பிடித்தம், வாசலுக்கு வரும் கம்பெனி பஸ். தறிக்காரருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்ற பேச்சு நெசவாளர் தெருக்களில் வெகுகாலமாக உண்டு. ஓர் இளைஞனின் கணக்கில் அதுவும் சேரும். தொழிற்சாலை சொர்க்கம் என்பதல்ல. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே. ஆனால் அங்கே வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. வீட்டுக் குழித்தறியில் தனியாக உட்கார்ந்திருப்பவர் யாரோடு சேர்ந்து நிறுத்துவார்?

உடுத்தும் இளைஞரைப் பற்றி யோசிக்க இந்தோனேசியா ஒரு நல்ல உரைகல். நமக்கு அந்நியமான நாடன்று. பழவேற்காட்டின் பெயரால் 'பெலிகாட்' என்றே வழங்கும் கட்டம்போட்ட கைலி மலாய் உலகெங்கும் உண்டு. 2009 அக்டோபர் 2இல் யுனெஸ்கோ அந்நாட்டின் பாத்திக் துணிக்கலையை மரபுச் செல்வமாக அறிவித்தது. அந்த நாள் அங்கே பாத்திக் நாளானது. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் பாத்திக் சட்டை அணிவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் ஜகார்த்தா இளைஞர்கள் மரபுத் துணியை இடுப்பில் சுற்றி, கீழே ஸ்னீக்கர் போட்டு உலாவுவதையும் ஒரு பாணியாக்கினார்கள். ஆக, நாட்டத்துக்குக் குறைவில்லை. ஆயினும் மலிவு விலையில் விற்பவற்றுள் பெரும்பாலானவை பாத்திக் வடிவம் அச்சடித்த துணிகளே. மெழுகால் கையால் வரையும் பாத்திக்கின் உழைப்பை அந்த நாட்டம் தானாகக் காப்பாற்றிவிடவில்லை. அணிவோர் பெருகினால் செய்வோரும் பெருகுவர் என்ற நம்பிக்கை ஜாவாவிலேயே பொய்க்கும்போது, காஞ்சியில் எப்படி மெய்க்கும்?

இங்கே உடுத்தும் இளம்பெண்ணும் பட்டைக் கைவிடவில்லை. முகூர்த்தத்துக்குக் கனத்த சேலை ஒன்று. அது பிறகு பீரோவுக்குள் போய்விடும். வரவேற்புக்கும் அலுவலக விழாவுக்கும் அவள் கேட்பது எடை குறைந்த 'சாஃப்ட் சில்க்', சின்னக் கரை அல்லது கரையே இல்லாதது. அதை நெய்ய இரண்டாம் ஆள் தேவையில்லை. நெய்பவன் போன இடமும் வாங்குபவளின் ரசனையும், ஒருவரையொருவர் கேட்காமலே, ஒத்துப்போய்விட்டன. இதைச் சீரழிவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாஃப்ட் சில்க்கும் கைத்தறியில் நெய்யப்படும்வரை அது நெசவாளரின் சோறுதான். விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டென்ற பெயரில் விற்கப்படுவதே உண்மையான திருட்டு. புவிசார் குறியீடு பெற்ற பின்னும் அது நிற்கவில்லை.

கோர்வையைக் காக்க விரும்புவோர் இளைஞரின் மனத்தைத் திருத்தப் பயிற்சி முகாம் நடத்துவதைவிடக் கூலிக் கணக்கைப் பார்க்கலாம். கூலி பேசப்படுவது சேலைக்கு. அருகில் உட்கார்ந்து கரை நாடா எறிபவருக்கு, நெசவாளரே அந்தத் தொகையிலிருந்து பிய்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் பிள்ளை இருந்தவரை அதைக் கூலியென்று யாரும் எண்ணியதில்லை.