தகப்பனுக்கான கட்டம்

களமருதூரில் எங்கள் தெருவில் வளர்ந்த பெண் அவள். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியும் கையுமாக என் வீட்டுக்கு வந்தாள். அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். பாடங்களைப் பற்றியும் தன்னைப் பற்றியும் எழுத வேண்டியதையெல்லாம் தானே எழுதி முடித்துவிட்டாள். நிதியுதவிப் படிவத்தில்தான் நின்றுவிட்டது.

“அத்தை, இதுல அப்பாவோட வருமானம் கேக்குது. நான் என்ன போட?”

அவள் அப்பா ஊரைவிட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. திருப்பூரில் இருக்கிறார் என்பார்கள். அம்மா கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கவும் கட்டுக் கட்டவும் போகிறவர். அந்த வேலைக்குச் சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது.

அவள் விண்ணப்பித்தது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று அங்கே சொல்லப்படும் வகை. ஆயிரம், இரண்டாயிரம் பேர் படிக்கும் இடம். கணிதமும் கவிதையும் ஒரே பருவத்தில் எடுத்துப் படிக்கலாம். எங்கேயோ இருக்கும் இந்தக் கல்லூரிகளை நம் பிள்ளைகள் இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவை நம்மிடம் வந்து இருநூறு ஆண்டு ஆகிவிட்டது.

1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடிச் செய்த பிரார்த்தனையிலிருந்து பிறந்ததுதான் அமெரிக்கன் மிஷன். அது 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. தமிழ் படித்தவர்கள் அகராதிக்காரராக அறிந்திருக்கும் மிரன் வின்ஸ்லோ, மிடில்பரி கல்லூரியில் படித்தவர். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, அத்தகைய கல்லூரியாக வளர வேண்டும் என்ற திட்டத்தோடு எழுந்தது. ஆண்களுக்கு மட்டும். அடுத்த ஆண்டு, வின்ஸ்லோவின் மனைவி ஹாரியட் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்.

பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இத்தனை டாலர் என்று அனுப்புகிறவர், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரையும் வைக்கலாம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று இலக்கிய வரலாற்றில் படிக்கிறோமே, அந்த முன்னொட்டுகள் இப்படி ஒட்டியவைதான். எம்.ஏ. வகுப்பில் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தபோது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அந்த ஆண்கள் தம் தமிழ்ப் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டு நூல்கள் எழுதினார்கள், அதனால் இரண்டு பெயரும் நமக்குக் கிடைத்தன. உடுவில் பெண்களுக்கும் இப்படிப் பெயர் சூட்டினார்கள். நூல் எழுதி அட்டையில் தன் பழைய பெயரை மீட்டுக்கொள்ளும் வழி அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? படித்து முடித்த பெண்ணின் கல்யாணத்துக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது. உதவித்தொகை கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த நாட்டுப் பெண்களின் கதையும் அப்போது பெரிதாக மாறிவிடவில்லை. மேரி லயன் பச்சை வெல்வெட் பையோடு வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி, 1837இல் மவுண்ட் ஹோலியோக்கைத் தொடங்கினார். ஆண்டுக் கட்டணம் 60 டாலர். அதற்குள் அடக்குவதற்காக மாணவிகளே சமைத்தார்கள், துவைத்தார்கள். பின்னாளில் அந்தக் கல்லூரி, 1915இல் தொடங்கிய சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியைத் தன் சகோதரிக் கல்லூரியாக ஏற்றது. ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக லூசி பீபடி என்ற பெண்மணி முன்னின்று நிதி திரட்டியதும் அந்தக் காலத்தில்தான். 1923 பிறப்பதற்குள் பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் 10 லட்சம் தருகிறோம் என்று ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை ஒன்று நிபந்தனை வைத்தது. சேர்த்துவிட்டார்கள். சென்னைக் கல்லூரியும் வேலூர் மருத்துவக் கல்லூரியும் அந்த ஏழில் உண்டு.

அந்தச் சென்னைக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்தவர் ஜானகி அம்மாள். ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லெவி பார்பர் 1917இல் ஏற்படுத்திய உதவித்தொகையில் அவர் அமெரிக்கா போனார். 1931இல் முனைவர் பட்டம். திரும்பி வந்து கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கரும்பையும் சோளத்தையும் கலந்து ஆராய்ந்தார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் கரும்பு விளைவிக்கிற எங்கள் மாவட்டத்தில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நான் படித்த பள்ளியிலும் சொன்னதில்லை.

ஜானகி அம்மாளின் அப்பா துணை நீதிபதி. வீட்டில் நூலகம் இருந்தது. இதை அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. கரும்பை ஆராயப் போனவர் வீட்டுக்கும் கரும்பு கட்டுகிறவர் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரம், சென்னைக்கும் மிச்சிகனுக்கும் உள்ளதைவிடக் கூடுதல் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தத் தூரத்தை இன்றைக்கு யார் குறைக்கிறார்கள்? இந்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். இளங்கலைக்குக் கிடையாது. (2022 விதிகளில் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளையும் நீக்கிவிட்டார்கள். நாங்கள் எங்களைப் பற்றி வெளியே போய்ப் படிக்கக் கூடாதாம்.) ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்ணுக்கு அந்தக் கல்லூரிகள் தாமே தரும் நிதியுதவிதான் பெரிய வழி. அதிலும் ஆம்ஹெர்ஸ்ட் போன்ற மிகச் சில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமல் இடம் தருகின்றன. மற்றவை கேட்கும் தொகையையும் எடை போட்டுத்தான் முடிவெடுக்கின்றன.

இப்போது யாரும் பெயரை மாற்றச் சொல்வதில்லை. குடும்பத்தைக் கட்டத்துக்குள் எழுதச் சொல்கிறார்கள். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் இருவருடைய கணக்கும் வேண்டும். தகப்பனின் கணக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். தொடர்பே இல்லை என்று வெளியாள் ஒருவர் கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தை நான் எழுதுவதாக ஏற்பாடு. கூடவே அரசாங்கச் சான்று ஒன்றும் இருந்தால் வலுவாக இருக்குமே என்று, ‘கணவனால் கைவிடப்பட்ட பெண்’ சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு போடலாம் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

அவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

“அவன் எங்க டீச்சர் என்னக் கைவுட்டான்? குடிச்சிட்டு வந்து புள்ளையோட நோட்டக் கொளுத்துனான். நான்தான் வூட்ட வுட்டுப் போடான்னு தொரத்துனேன். ஊரே பாத்துச்சு. கைவுட்டுட்டான்னு நான் ஏன் கையெழுத்துப் போடணும்?”

“ஒரு பேப்பர்தானம்மா” என்றாள் மகள்.

“பேப்பர்தான? அப்ப நடந்தத எழுதச் சொல்லு.”

எனக்குப் பதில் வரவில்லை. பெண்ணியம் பற்றி வகுப்பெடுக்கிறவள், ஒரு சான்றிதழின் வாசகத்தை இத்தனை வருடம் கவனிக்காமல் எத்தனை மாணவிகளின் அம்மாக்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

சான்றிதழுக்கு மனு போடவில்லை. என் கடிதத்தில், மகளின் படிப்புக்கு ஆபத்து வந்தபோது தாய் கணவனை வீட்டைவிட்டு வெளியேற்றினார், அன்று முதல் தாயின் கூலி மட்டுமே இந்தக் குடும்பத்தின் வருமானம் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் தமிழில் வாசித்துக் காட்டினேன். ‘வெளியேற்றினார்’ என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

முடிவு பங்குனியில் வரும்.